உங்களுக்குத் தெரியுமா? – காலுக்குக் கீழே ஒரு பொறியியல்

வீடு கட்டத் தொடங்கினால் டைல்ஸுக்கும் கதவுக்கும் கடை கடையாக ஏறி இறங்குகிறோம். அடியில் கிடக்கும் மண்ணைப் பற்றி மேஸ்திரியிடம்கூட ஒரு வார்த்தை கேட்பதில்லை. அதைக் கேட்பதற்கென்றே ஒரு துறை இருக்கிறது: ஜியோடெக்னிக்கல் இன்ஜினியரிங். அஸ்திவாரம், அணை, சுரங்கப்பாதை, ஏரிக்கரை, மலைச்சாலை எல்லாம் இவர்கள் பொறுப்பு. இந்தத் துணுக்குகளைப் படிக்கும்போது ஒன்றைக் கவனித்துக்கொண்டே வாருங்கள். பழி மண்மேல் விழும். வேலையைக் காட்டியது பெரும்பாலும் அதற்குள் இருக்கும் தண்ணீராக இருக்கும்.

● பைசா கோபுரம் இன்றும் நிற்பதற்கு, அதைக் கட்டியவர்கள் வேலையைப் பாதியில் விட்டுவிட்டுப் போனதுதான் காரணம். 1173-இல் தொடங்கினார்கள். சில ஆண்டுகளில் மூன்று மாடி எழும்பியதும் வேலை நின்றது. ஊருக்குப் போர்த் தொல்லை. மறுபடி தொடங்கியது 1272-இல். இடைப்பட்ட நூறு ஆண்டுகளில், பாரம் தாங்கிய களிமண்ணிலிருந்து தண்ணீர் மெல்ல மெல்லப் பிழிந்து வெளியேறியது, மண் இறுகியது. நிறுத்தாமல் ஒரே மூச்சில் கட்டியிருந்தால் கோபுரம் அப்போதே விழுந்திருக்கும் என்கிறது இன்றைய கணக்கு.

1989-இல் இத்தாலியின் பாவியா நகரில் ஒரு பழைய கோபுரம் திடீரென்று சரிந்து நான்கு பேர் இறந்தார்கள். பயந்துபோய் 1990-இல் பைசாவையும் மூடினார்கள். பல வைத்தியம் பார்த்தார்கள். ஒருகட்டத்தில் வடக்குப் பக்கம் நூற்றுக்கணக்கான டன் ஈயக் கட்டிகளை அடுக்கினார்கள். கடைசியில் பலித்த மருந்து மிக எளிது: கோபுரம் தெற்கே சாய்கிறதா, வடக்குப் பக்க அடிமண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக எடு! சாய்வாக இறக்கிய குழாய்கள் வழியே எடுத்த மண் மொத்தம் 38 கன மீட்டர். நாலைந்து டிப்பர் லோடு, அவ்வளவுதான். உச்சி 40 சென்டிமீட்டருக்கு மேல் பின்வாங்கியது. 2001 டிசம்பரில் மறுபடி திறந்தார்கள். முழுக்க நிமிர்த்தவில்லை. ஊருக்கு வருமானமே அந்தச் சாய்வில்தான்!

● இந்தத் துறைக்குத் தந்தை என்று அழைக்கப்படுபவர் கார்ல் டெர்சாகி. பிராகில் பிறந்தவர், முதல் உலகப் போரின்போது இஸ்தான்புல்லில் ஆசிரியர். போர் முடிந்ததும் அங்கேயே ராபர்ட் கல்லூரியில் சேர்ந்தார். ஆய்வுக்கூடம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. சுருட்டுப் பெட்டியும் கையில் அகப்பட்ட சாமான்களுமாகக் கருவிகளைச் செய்துகொண்டார். 1925-இல் அவர் வெளியிட்ட ஜெர்மன் நூலோடு மண் இயக்கவியல் தனித் துறையானது.

அவர் கண்டது இது. மண்மேல் வைக்கும் பாரத்தை மண்துகள்கள் ஒரு பங்கும், இடுக்குகளில் உள்ள தண்ணீர் ஒரு பங்கும் சுமக்கின்றன. தண்ணீர் சுமக்கும் பங்கால் மண்ணுக்கு ஒரு பலமும் இல்லை. துகளும் துகளும் உரசி நிற்பதுதான் பலம். தண்ணீரின் அழுத்தம் கூடினால் துகள்கள் ஒன்றையொன்று அழுத்துவது குறையும், மண் தளரும். களிமண்ணில் இடுக்குகள் மிக நுண்ணியவை என்பதால் தண்ணீர் வெளியேற ஆண்டுக்கணக்கு ஆகும். பைசா முதல் பின்னால் வரும் விமான நிலையம் வரை, இந்தத் துணுக்குகளில் வரும் முக்கால்வாசிச் சங்கதி இந்த ஒரு கருத்துக்குள் அடங்கிவிடும்.

● மெரினாவில் அலை வந்துபோன ஈர மணலில் காலை அழுத்தி வைத்துப் பாருங்கள். காலைச் சுற்றி மணல் சட்டென்று வெளுத்துக் காய்ந்ததுபோல் ஆகும். காலை எடுத்தால் தடத்தில் தண்ணீர் தேங்கும். அழுத்தினால் தண்ணீர் மேலே வரத்தானே வேண்டும்? 1885-இல் ஆஸ்போர்ன் ரெய்னால்ட்ஸ் இதற்கு விளக்கம் சொன்னார். நெருக்கமாக அடைந்து கிடக்கும் மணலை அழுத்தினால் துகள்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறித்தான் நகர முடியும். அப்போது இடுக்குகள் பெரிதாகி மேலே இருக்கும் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்கின்றன.

● தளர்வான மணல் இதற்கு நேர் எதிர். நெல் அளக்கும்போது மரக்காலைக் குலுக்கினால் நெல் கீழே இறங்குமே, அதுபோல் நிலநடுக்கத்தில் மணல் இறங்கப் பார்க்கும். இடுக்கு முழுவதும் தண்ணீர், போக நேரமில்லை. பாரம் முழுவதும் தண்ணீரின் தலையில் விழ, திடநிலம் சில நொடிகளில் குழம்பாகிறது. 1964 ஜூன் 16-இல் ஜப்பானின் நீகாட்டா நகரில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் இப்படித்தான் சாய்ந்தன. ஒன்று கிட்டத்தட்டப் படுத்தேவிட்டது. வேடிக்கை என்னவென்றால், கட்டடங்கள் உடையவே இல்லை. ஆட்கள் வெளிச்சுவர்மேல் நடந்து இறங்கி வந்தார்கள். மேலே கனமான கட்டடங்கள் அமிழ, புதைத்து வைத்திருந்த காலித் தொட்டிகள் மிதந்து மேலே வந்தன. 2001 குடியரசு நாளன்று நடந்த புஜ் நிலநடுக்கத்தில் கட்ச் ரண் பகுதியில் மணலும் நீரும் ஊற்றாகப் பீறிட்டதும் இதே காரணத்தால்தான்.

● மின்னூட்டத்தின் அலகுக்குப் பெயர் தந்த கூலூம், தொழிலால் ராணுவப் பொறியாளர். கரீபியக் கடலின் மார்ட்டினிக் தீவில் கோட்டை கட்டிக்கொண்டிருந்தார். மண் சுவரை எவ்வளவு தள்ளும் என்று கணக்குப் போட்டு 1773-இல் பாரிஸ் அகாதமியில் படித்தார். மின்சாரத்துக்கு அவர் வந்தது அதற்கப்புறம். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அவரைத் தெரிகிறது. தாங்கு சுவர் கட்டுகிற ஒப்பந்ததாரருக்குத் தெரிவதில்லை!

● மலைச்சாலைத் தாங்கு சுவர்களில் வரிசையாக ஓட்டைகள் விட்டிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். சுவருக்குப் பின்னால் சேரும் மழைநீர் வடிவதற்கு. சுவர் பெரும்பாலும் மண்ணின் தள்ளலைத் தாங்கிவிடும். அதோடு தண்ணீரின் தள்ளலும் சேர்ந்தால்தான் விழும். பாம்பு வருகிறது, அழகு கெடுகிறது என்று சிமென்ட் பூசி அடைக்கிற புண்ணியவான்கள் நம் ஊரில் நிறைய.

● மேம்பாலத்தில் ஏறும் சாய்தளத்தின் இரு பக்கமும் அச்சில் வார்த்த கான்கிரீட் பலகைகளை ஒன்றோடொன்று கோத்துச் சுவராக நிறுத்தியிருப்பார்கள். அந்தச் சுவர் மண்ணைத் தாங்குகிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். அது வெறும் முகப்பு. உள்ளே அடுக்கடுக்காகக் கொட்டி இறுக்கிய மண்ணுக்கு நடுவே இரும்புப் பட்டைகளோ பாலிமர் வலைகளோ படுத்திருக்கின்றன. மண்ணுக்கும் பட்டைக்கும் உள்ள உராய்வில் மண் தன்னைத்தானே பிடித்துக்கொண்டு நிற்கிறது. 1960-களில் இதைக் கொண்டுவந்தவர் பிரான்சின் ஆன்ரி விடால். கடற்கரையில் மணலைக் குவித்து, இடையிடையே பைன் மர ஊசி இலைகளைப் படுக்கவைத்து விளையாடியபோது இந்த யோசனை வந்தது என்பார்கள். வீட்டில் மணலும் கொஞ்சம் துடைப்பக் குச்சியும் இருந்தால் நீங்களும் செய்து பார்க்கலாம்.

● காலிமனையில் முக்காலி நிறுத்தி, கயிற்றில் இரும்புக் குண்டைத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்தால் போர்வெல் என்று நினைத்துவிடாதீர்கள். அது மண் பரிசோதனையாக இருக்கலாம். குண்டின் எடை 63.5 கிலோ, விழும் உயரம் 75 சென்டிமீட்டர். கீழே துளைக்குள் ஒரு குழாய். நெடுக்கில் இரண்டாகப் பிளக்கும். அது 15 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி என்று எண்ணுவார்கள். அதேபோல் இன்னும் இரண்டு தடவை. முதல் 15-ஐத் தள்ளிவிடுவார்கள், துளையின் அடியில் கலைந்த மண் கிடக்கும் என்பதால். மீதி இரண்டின் கூட்டுத்தொகைதான் ‘என் வேல்யூ’. மணலில் நான்கு என்றால் மிகத் தளர்வு. ஐம்பதைத் தாண்டினால் நல்ல இறுக்கம். பிறகு குழாயைப் பிளந்து, உள்ளே இருக்கும் மண்ணைப் பாலித்தீன் உறையில் போட்டு ஆழத்தை எழுதிக் கட்டுவார்கள்.

உலகம் முழுவதும் கோடிக்கணக்கில் முதலீடாகும் கட்டடங்கள் இந்தக் குண்டை நம்பித்தான் எழும்புகின்றன. ஆனால் கயிற்றைப் பிடித்திருப்பவர் அசதியில் முழுக்கத் தளரவிடாமல் இழுத்துப் பிடித்தபடி விட்டால், குண்டின் வேகம் குறையும். அடியின் எண்ணிக்கை கூடும். பலவீனமான மண் காகிதத்தில் பலசாலியாகிவிடும். அதனால்தான் விவரம் தெரிந்த பொறியாளர் ரிப்போர்ட்டை மட்டும் வாங்கிக்கொண்டு போகாமல், ஒரு நாளாவது முக்காலி பக்கத்தில் வந்து நிற்பார்.

● களிமண்ணைக் கண்ணாடித் தட்டில் வைத்து உள்ளங்கையால் நூலாக உருட்டு. 3 மில்லிமீட்டர் பருமனில் விண்டு நொறுங்கத் தொடங்கினால் அப்போதிருக்கும் ஈரத்தை அள. ஸ்வீடன் வேதியியலாளர் ஆல்பர்ட் அட்டர்பெர்க் 1911 வாக்கில் வகுத்த பரிசோதனை இன்றும் ஏறக்குறைய அப்படியே நடக்கிறது. கம்ப்யூட்டர் நிறைந்த ஆய்வகத்தில் ஒருவர் உட்கார்ந்து மண்ணை உருட்டிக்கொண்டிருந்தால் விளையாடுகிறார் என்று எண்ண வேண்டாம்.

● ரேஷன் மண்ணெண்ணெய் காணாமல் போனாலும் மண் ஆய்வகத்தில் அதற்கு மதிப்பு உண்டு. இரண்டு அளவு ஜாடிகளில் பத்துப் பத்து கிராம் மண்பொடி; ஒன்றில் தண்ணீர், மற்றொன்றில் மண்ணெண்ணெய். ஒரு நாள் விட்டுப் பார்த்தால், மண்ணெண்ணெய் ஜாடியில் மண் அப்படியே கிடக்கும். தண்ணீர் ஜாடியில் பொங்கியிருந்தால் ஆபத்தான மண். கரிசல் மண் இரண்டு மடங்காகக்கூட உப்பும்.

கோவில்பட்டி, சாத்தூர், விருதுநகர் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கோடையில் கால் நுழைகிற அளவுக்கு வெடிக்கும் காடு, மழை விழுந்ததும் உப்பும். கூடவே வீடும் ஏறி இறங்கும். கதவு மழைக்காலத்தில் இறுகும், சுவரில் மூலைக்கு மூலை சாய்வாக விரிசல் ஓடும். அடுக்குமாடிகளைவிட ஒற்றைமாடி வீட்டுக்குத்தான் இதில் பாதிப்பு அதிகம். உப்பும் மண்ணை அமுக்கிப் பிடிக்கிற எடை அதற்கு இல்லை. ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இதற்கு ஒரு வழியைப் பரப்பியது. ஈரம் மாறாத ஆழம் வரை, சுமார் மூன்றரை மீட்டர், துளையிட்டு, அடியில் மட்டும் தண்டைப்போல் இரண்டரை மடங்கு அகலத்துக்குக் குடைந்து கான்கிரீட் ஊற்றுவது. மேல்மண் எவ்வளவு இழுத்தாலும் அடியிலுள்ள குமிழ் பிடித்துக்கொள்ளும். சுவரைத் தாங்கும் பீமுக்கு அடியில் ஓர் இடைவெளியும் விடுவார்கள், மண் உப்புவதற்கு இடம் வேண்டுமே. அந்த இடைவெளியில் மண்ணைப் போட்டு ‘நல்லா இடித்து’ நிரப்பிவிட்டால் போச்சு, செய்த செலவெல்லாம் வீண்.

● சாலை போடும் இடத்தில் ரோலருக்கு முன்னால் தண்ணீர் லாரி போவது புழுதி அடங்குவதற்கு மட்டும் அல்ல. வறண்ட மண் இறுகாது, சேறும் இறுகாது. நடுவில் ஓர் அளவு ஈரத்தில்தான் மண் உச்சமாக இறுகும். 1933-இல் லாஸ் ஏஞ்சல்ஸின் ரால்ஃப் பிராக்டர் இதை அளக்கும் முறையைத் தந்தார்.

● கனடாவின் வினிபெக் அருகே டிரான்ஸ்கோனாவில் 65 கலன்கள் கொண்ட புத்தம்புதிய தானியக் கிடங்கு. 1913 அக்டோபரில் கோதுமையை மளமளவென்று நிரப்பினார்கள். ஒரே நாளில் கிட்டத்தட்ட 27 டிகிரி சாய்ந்துவிட்டது. கான்கிரீட் உடையவில்லை, கீழே இருந்த களிமண் பிதுங்கிவிட்டது. கோதுமையை வெளியே எடுத்து, அடியில் புதுத் தூண்கள் கொடுத்து நிமிர்த்தி மறுபடி பயன்படுத்தினார்கள்.

● மெக்சிகோ நகரின் சுதந்திர தேவதைத் தூணுக்கு 1910-இல் ஒன்பது படிகள்தான். இப்போது 23. ஊர் அமர்ந்திருப்பது பழைய ஏரிப் படுகையின் களிமண்மேல். குடிநீருக்காக நிலத்தடி நீரை உறிஞ்ச உறிஞ்ச ஊர் இறங்கிக்கொண்டே போகிறது. தூண் ஆழமான முளைகள்மேல் நிற்பதால் இறங்கவில்லை. தரை விலக விலகப் படிகளைச் சேர்த்துக்கொண்டே வந்தார்கள்.

அதே களிமண் 1985 செப்டம்பர் 19 அன்று வேறு முகம் காட்டியது. நிலநடுக்கத்தின் மையம் 350 கிலோமீட்டருக்கும் அப்பால், பசிபிக் கரையில். ஆனால் ஏரிக் களிமண் சுமார் இரண்டு விநாடிக்கு ஒரு வீச்சு என்ற தாளத்தில் அதிர்வைப் பல மடங்கு பெருக்கியது. அந்தத் தாளத்துக்கு இசைந்து ஆடிய நடுத்தர உயரக் கட்டடங்கள்தான் அதிகம் விழுந்தன. 1956-இல் கட்டி முடித்த 44 மாடி லத்தீன் அமெரிக்கக் கோபுரம் சேதமின்றி நின்றது. லியோனார்டோ சீவார்ட் மண்ணைப் படித்துவிட்டுப் போட்ட அஸ்திவாரம் அது.

● ஜப்பானின் கன்சாய் விமான நிலையம் கடலில் மண் கொட்டி எழுப்பிய தீவு. 1994-இல் திறந்தார்கள். கட்டத் தொடங்கியதிலிருந்து இதுவரை அந்தத் தீவு இறங்கியிருப்பது 13 மீட்டருக்கும் மேல். இறங்கும் என்பது முன்பே தெரியும். அதனால் முனையக் கட்டடத்தின் நூற்றுக்கணக்கான தூண்களின் அடியில் ஜாக்கி வைத்துத் தூக்கித் தகடு செருகும்படி வடிவமைத்திருக்கிறார்கள்.

● மணலில் அஸ்திவாரம் போடுவதை ஆங்கிலேயப் பொறியாளர்களுக்குக் கற்றுக்கொடுத்தது கல்லணை. காவிரி மணலின் ஆழத்துக்கு அடியே பாறையைத் தேடிப் போகவில்லை நம் ஆட்கள். பெரிய கற்களை மணல்மேல் போட்டார்கள். நீரோட்டம் மணலை அரிக்க, கற்கள் அமிழ்ந்தன. மேலே மறுபடி கற்கள். இனி அமிழாது என்ற நிலை வரும்வரை போட்டார்கள். எதிரியான அரிப்பையே வேலைக்காரனாக வைத்துக்கொண்ட வித்தை இது. ஆழம் தெரியாத மணலில் அடித்தளம் அமைப்பதை இவர்களிடமிருந்துதான் கற்றோம் என்று ஆர்தர் காட்டன் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அதே பாடத்தோடு போய்த்தான் கோதாவரியில் தவளேசுவரம் அணைக்கட்டை 1852-இல் முடித்தார்.

● ஏரிக்கரை உடைவதற்கு வெள்ளம் கரையைத் தாண்ட வேண்டியதில்லை. நண்டு வளை போதும். நீர் உள்ளே புகுந்து மறுபக்கம் கசியும்போது மண் துகளையும் இழுத்துவரும். துளை வெளியிலிருந்து உள்நோக்கி வளரும். கசியும் நீர் தெளிவாக இருந்தால் கவனித்தால் போதும்; கலங்கி வந்தால் கரைக்குள்ளிருந்து மண் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். கசியும் வாயில் மண்ணை அடைப்பது பெருந்தவறு, நீர் வேறு பக்கம் வாய் திறக்கும். அதைச் சுற்றி மணல் மூட்டைகளை வட்டமாக அடுக்கி உள்ளே நீர்மட்டத்தை உயரவிட்டால், அழுத்த வித்தியாசம் குறைந்து மண் வருவது நிற்கும்.

அமெரிக்காவில் ஐடஹோ மாநிலத்தின் டீட்டன் அணைக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை. 1976 ஜூன் 5, முதன்முறையாக நீர் நிரம்பிக்கொண்டிருந்தது. காலையில் கலங்கல் கசிவு. அடைக்கப் போன புல்டோசர்களையே துளை விழுங்கியது. நண்பகலுக்குள் அணை போனது. 11 பேர் இறந்தார்கள்.

● இலங்கையின் சமனலவெவ அணை 1992 முதல் ஒழுகிக்கொண்டே இருக்கிறது. நீர்த்தேக்கத்தின் வலக்கரை மலையில் உள்ள சுண்ணப்பாறைப் பொந்துகள் வழியே கசிவு. படகிலிருந்து மண்ணைக் கொட்டி அடைத்துப் பார்த்தும் முழுக்க நிற்கவில்லை. வெளியேறும் நீரைக் கல்தொட்ட விவசாயிகள் பாய்ச்சிக்கொள்கிறார்கள்.

● மழையே பெய்யாததால் உடைந்த கரையும் உண்டு. 2003 ஆகஸ்டில் நெதர்லாந்தின் வில்னிஸ் ஊரில் கால்வாய்க் கரை இரவோடிரவாகப் பல மீட்டர் நகர்ந்து தண்ணீர் ஊருக்குள் புகுந்தது. கரை மட்கிய தாவரப் படிவால் ஆனது. கடும் வறட்சியில் காய்ந்து எடை குறைந்து போனதால், கால்வாய் நீரின் தள்ளலுக்கு ஈடுகொடுக்க முடியவில்லை.

● நார்வேயின் ரிஸ்ஸாவில் 1978 ஏப்ரல் 29 அன்று பண்ணைக் கொட்டகையை நீட்டிக்கத் தோண்டிய சுமார் 700 கன மீட்டர் மண்ணை ஏரிக்கரையில் கொட்டினார்கள். அது தொடக்கி வைத்த சரிவில் 50 லட்சம் கன மீட்டருக்கு மேல் மண் வழிந்தோடியது. வீடுகள் நின்ற வாக்கில் மிதந்து போயின. ஒருவர் இறந்தார். அங்குள்ள களிமண் ஒரு காலத்தில் கடலடியில் படிந்தது. நிலம் உயர்ந்து கடல் விலகியபின், மழை ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அதன் உப்பைக் கழுவிவிட்டது. துகள்களைக் கோத்துவைத்தது அந்த உப்புதான். ஆய்வகத்தில் அந்த மண்ணைக் கலக்கினால் தண்ணீராக ஊற்றலாம். ஒரு பிடி சமையல் உப்பைப் போட்டுக் கிளறினால் மறுபடி கெட்டிப்படும்.

● உலகின் கொடிய அணை விபத்துகளில் ஒன்றில் அணை உடையவே இல்லை. இத்தாலியின் வயோன்ட் அணை, 262 மீட்டர் உயரம். நீர்மட்டம் உயர உயர, பக்கத்து டோக் மலை மெல்ல நகர ஆரம்பித்தது. நீரை ஏற்றியும் இறக்கியும் அந்த நகர்வை அடக்கிவிடலாம் என்று நினைத்தார்கள். 1963 அக்டோபர் 9 இரவு, 26 கோடி கன மீட்டர் பாறை ஒரு நிமிடத்துக்குள் நீர்த்தேக்கத்தில் இறங்கியது. அணைக்கு மேலே எழுந்து தாண்டிய அலை கீழே லோங்காரோனே ஊரைத் துடைத்தது. கிட்டத்தட்ட 2000 பேர் இறந்தார்கள். அணை இன்றும் நிற்கிறது. பின்னால் தண்ணீர் இல்லை, மலைதான் இருக்கிறது.

● சந்திரயான் தரையிறங்கிப் பழகியது நாமக்கல் மண்ணில். சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதியின் அனார்த்தசைட் பாறை நிலவின் மேட்டுநிலப் பாறைக்கு நெருக்கமானது. அதை இடித்து, பொடித்து, துகள் அளவு பார்த்துக் கலந்து, பெங்களூரில் இஸ்ரோவின் சோதனைக் களத்தில் பரப்பினார்கள். சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் புவியியல் துறைக்கும் இதில் பங்கு உண்டு. நிலவு மண்ணின் துகள்கள் காற்றிலும் ஆற்றிலும் உருண்டு மழுங்காதவை. கூர்மையானவை, ஒன்றையொன்று கவ்விக்கொள்பவை. 1960-களில், இறங்குகிற கலம் தூசிக்குள் புதைந்துவிடும் என்றுகூடச் சிலர் பயந்தார்கள். 1966-இல் சர்வேயர் 1 இறங்கி அந்தப் பயத்தைத் தீர்த்தது. மேலே சில சென்டிமீட்டர்தான் பொடி, அதன்கீழ் இறுகிய மண். எவ்வளவு இறுக்கம் என்று 1971-இல் அப்பல்லோ 15 வீரர்களுக்குத் தெரிந்தது. துளையிட்டு இறக்கிய மண்மாதிரிக் குழாய் அப்படியே மாட்டிக்கொண்டது. ஸ்காட்டும் இர்வினும் இரண்டு பக்கமும் தோள்கொடுத்து முட்டித்தான் அதை வெளியே எடுத்தார்கள்.